முப்பதாயிரத்து முப்பத்தொன்றாவது கை

உங்களில் ஒருவர் போன வாரம் எனக்குப் போன் எடுத்தார். பெயரைச் சொல்லி வெட்கப்படுத்தப் போவதில்லை. "மிஸ், மூணாம் லைன்ல கவுண்டர் மணி 30,031ல அடிக்குது. யாரோ பிழையா அடிச்சு வச்சிட்டாங்க போல. அத 30,000ன்னு மாத்திரட்டா?" என்று கேட்டார். நான் அப்போது பிலிமத்தலாவையில் ஒரு கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு, "ஐயோ ராசா, அதுல கைய வச்சிராதீங்க! நானே வந்து சொல்றேன்" என்று கத்தினேன். கடைக்காரர் தன்னைத்தான் ஏசுகிறேன் என்று நினைத்து இரண்டடி பின்னால் போனார்.

அதனால்தான் இன்றைக்கு ஓய்வூதியக்காரி உங்கள் முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பல்லேகலவில் இந்தக் கையுறைத் தொழிற்சாலையின் தரப் பரிசோதனையிலேயே என் காலம் போனது. ரப்பர் பாலின் பதம், சூளையின் சூடு எல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது ஓர் எண்ணைப் பற்றி. அந்த எண்ணால் ஒரு மனிதருடைய வேலை போகப் பார்த்தது. கடைசியில் அவரைக் காப்பாற்றியதும் அதே எண்தான்.

மூன்றாம் லைனைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட செயின் ஒன்று சுற்றிச் சுற்றி வரும். அதன் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பீங்கான் கை தலைகீழாகத் தொங்கும். கைகள் வரிசையாக வந்து ரப்பர் பாலில் முங்கும், எழும்பும், சூளைக்குள் போய்க் காயும். வெளியே வந்ததும் பெண்கள் கையுறையை உருவி எடுப்பார்கள். வெறுங்கை மறுபடியும் பாலுக்குப் போகும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்கு அந்தக் கைகளைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அந்த லைனை ஓட்டியவர் நஸீர் நானா. எல்லோருக்கும் மூத்த அண்ணன், நானாதான், முகாமையாளருக்குக்கூட. கோபம் மூக்குநுனியில் நிற்கும், ஆனால் மனம் வெள்ளை. உருவும் இடத்தில் நிற்கிற பெண்கள் காலையிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரைக்கும் கை ஓயாமல் இழுப்பதைப் பார்த்து, "இவங்களுக்கு இடையில ஒரு பத்து நிமிஷம் குடுங்க சேர்" என்று மேலிடத்தில் கேட்டார். முடியாது என்றார்கள். கேட்டது ஹஜ் பெருநாளுக்கு முந்திய வாரம். பெருநாள் விடுமுறை முடிந்து தொழிற்சாலை திறந்தது. லைன் தானாக நிற்கத் தொடங்கியது.

சும்மா ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று சிவப்பு விளக்கு எரியும், செயின் நின்றுவிடும். சூளைக்குள் மாட்டிய கையுறை எல்லாம் கருகிப் பழுப்பாகிவிடும். அள்ளி எறிந்து, துடைத்து, மறுபடி ஓட்டுவார்கள். ஏறக்குறைய இரண்டரை மணித்தியாலம் கழித்து இன்னொரு தடவை நிற்கும். துடைக்கிற நேரத்தில் உருவுகிற பெண்களுக்கு வேலை இல்லை. ஆகவே அவர்கள் உட்காருவார்கள். எவ்வளவு நேரம்? கிட்டத்தட்டப் பத்து நிமிடம்!

இனிச் சொல்ல வேண்டுமா? ஊர் வாய்க்கு அது போதும். பாரம் கூடி மெஷின் தானாக நின்றாலும், யாராவது பொத்தானைக் கையால் அமர்த்தி நிறுத்தினாலும், பலகையில் எரிவது ஒரே சிவப்பு விளக்குத்தான். காற்றாடிகளின் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழாது. நஸீர் நானாவின் கதிரை, லைனை நிறுத்துகிற அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில். அவரை இரண்டு நாள் பண்டசாலைக்கு அனுப்பிவிட்டு வேறு ஆளைப் போட்டுப் பார்த்தார்கள். அப்போதும் நின்றது. "லைன்ல எல்லாரும் நானாட ஆக்கள்தானே" என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்கள்.

அப்போது எங்கள் என்ஜினியர் யாழ்ப்பாணத்துக்காரர், வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கெட்ட மனிதர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நியாயமாக யோசிக்கிறவர். ஆனால் நியாயமாக யோசித்தே தப்பான இடத்துக்குப் போய்ச் சேர முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

நான் இதற்குள் நுழைந்தது சின்னச் சந்தேகம் ஒன்றால். எல்லோரும் மணிக்கூட்டைப் பார்த்து "இரண்டரை மணித்தியாலம்" என்றார்கள். மின்சாரம் போன நாளில் அது கூடியது, சாப்பாட்டுக்கு நிறுத்தினால் இன்னும் கூடியது. கவுண்டரில் எத்தனை கை என்று கேட்டால் "ஒரு முப்பதாயிரம் வரும்" என்றார்கள். ஒரு முப்பதாயிரமா! வாழைப்பழமா வாங்குகிறோம், தோராயமாகச் சொல்ல? ஒவ்வொரு கை கடக்கும்போதும் கவுண்டர் ஒன்று கூட்டுகிறது. முழு எண்ணையும் அது காட்டுகிறது, பார்க்கிறவர்கள்தான் வாலை வெட்டிவிடுகிறார்கள். நான் லைன் நின்ற ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய், கழிவுக் கையுறை ஒன்றில் பேனையால் முழு எண்ணையும் எழுதி வைத்தேன். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தேன். 30,031. அடுத்தது, 30,031. மாலையில் அமர்த்திவிட்டுப் போய் அடுத்த நாள் காலையில் ஓட்டினாலும் விட்ட இடத்திலிருந்து கணக்குத் தொடர்ந்தது. அதே 30,031.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கையுறைகளை அள்ளிக்கொண்டு என்ஜினியரிடம் போனேன். அவரும் உற்சாகமாகிவிட்டார். "ஓம், இது நல்ல விசயம். மெஷின்ர பிழையெண்டா ஏதோ ஒரு சக்கரம் இந்த எண்ணை மிச்சமில்லாமல் பிரிக்க வேணும். பாப்பம்" என்றார். அவர் சொன்னது சரி. முப்பது பல் உள்ள சக்கரம் பழுதென்றால், அதன் தொல்லை முப்பதின் மடங்குகளில்தான் வரும்.

லைனில் எண்ணிக்கை எழுதப்பட்டிருந்த எல்லாச் சக்கரத்தையும், உருளையையும் அவர் எடுத்துக்கொண்டார். 14ஆல் பிரித்தார், மிச்சம் ஒன்று. 15ஆல், மிச்சம் ஒன்று. 22ஆல், ஒன்று. 26, 30, 42, எதைப் போட்டாலும் ஒன்று! அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியாகச் செயினுக்கு வந்தார். செயினில் 510 கை என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. 510ஆல் பிரித்தால் சரிவரவே இல்லை.

அவர் பேனையைக் கீழே வைத்தார். "மிஸ், நீங்கள் கொண்டுவந்த எண் ஒரு சக்கரத்துக்கும் பொருந்தேல்ல. எல்லாச் சக்கரத்திலயும் ஒண்டு மிஞ்சுது. இயந்திரத்துக்கு இப்பிடிக் குணம் இல்லை. சக்கரம் பிரிக்க ஏலாத எண்ணை ஒரு மனுசன்ர மூளைதான் தேர்ந்தெடுக்கும். ஆரோ கவுண்டரைப் பாத்து அமத்தியிருக்கினம்."

நானாவைக் காப்பாற்றக் கொண்டுபோன எண் அவர் கழுத்துக்கே கயிறாகிவிட்டது. திங்கட்கிழமை விசாரணை என்றார்கள். தானே செய்ததாக நானா ஒப்புக்கொண்டால் பேசாமல் விலக விடுவார்கள், இல்லாவிட்டால் பொலிஸ். நானா சாப்பாட்டு அறையில் தேத்தண்ணியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "அல்லாஹ் அறிய நான் அமத்தல்ல தங்கச்சி. ஆனா இவ்வளவு பேச்சுக் கேட்ட பொறகு எனக்கு இந்த இடம் தேவல்ல. திங்கக்கெழம நானே போறன்" என்றார். "செய்யாதத செஞ்சேன்னு சொல்லிட்டா போவீங்க? வாய மூடிட்டு இருங்க நானா. திங்கக்கிழமை வரைக்கும் பொறுங்க" என்று ஏசிவிட்டு வந்தேன். அவரை ஏசக்கூடிய ஆள் அங்கே நான் ஒருத்திதான்.

அன்று மாலை குண்டசாலைப் பக்கமிருந்து கண்டிக்குப் போகிற பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஆத்திரத்தில் இருந்தாலும், அந்த ‘ஒன்று’ என்னை விடவில்லை. ஏன் எல்லாச் சக்கரத்திலும் ஒன்று மிஞ்சுகிறது? போனில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2, 3, 5, 7, 11, 13. இந்த ஆறையும் பெருக்கினால் 30,030. அடடா! என் எண் அதைவிட ஒன்று கூட. அப்படியானால் இந்த ஆறில் எதனால் பிரித்தாலும், இவற்றில் சிலதைப் பெருக்கி வருகிற 14, 15, 22, 26, 30, 42 எதனால் பிரித்தாலும் ஒன்று மிஞ்சத்தானே வேண்டும்? அதில் யாருடைய தந்திரமும் இல்லை. எங்கள் சக்கரங்கள் எல்லாம் சின்ன எண்களால் ஆனவை, அவ்வளவுதான்.

ஆனால் சின்ன எண்களுக்கு மசியாத எண் எதற்குமே மசியாது என்று யார் சொன்னது? என்ஜினியர் தனக்குத் தெரிந்த எண்களைக் கொண்டுபோய் அதன் தலையில் ஏற்றிப் பார்த்தார். எனக்கு அதனிடமே கேட்கத் தோன்றியது, உனக்குள் என்ன இருக்கிறது என்று. 13க்கு மேலே ஒவ்வொரு பகா எண்ணாகப் பிரித்தேன். அளவில்லாமல் போகத் தேவையில்லை. 173ஐத் தன்னாலேயே பெருக்கினால் ஏறக்குறைய 30,000 வந்துவிடும், அதுவரைக்கும் பார்த்தால் போதும். 17, இல்லை. 19, இல்லை. 23, 29, இல்லை. கண்டியில் இறங்கிப் பிலிமத்தலாவை பஸ் ஏறினேன். 31, 37, 41, 43. பேராதனையில் வழக்கம்போல வாகன நெரிசல். 47, 53. பிறகு 59 போட்டேன். போனில் புள்ளியே இல்லாமல் வந்து நின்றது: 509.

"ஆ!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா போனை எட்டிப் பார்த்து, "என்ன மகள், லொத்தரா விழுந்திருக்கு?" என்று கேட்டார். "அதவிடப் பெருசும்மா" என்றேன். அவர் அதற்குப் பிறகு வீடு வரைக்கும் என்னோடு சிரித்துச் சிரித்துப் பேசினார், பாவம்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. என்ஜினியரிடம் சொன்னேன். 59 பல்லோடு சக்கரம் ஒன்று எங்காவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர், "சூளைக்குப் பின்னால செயினை இழுக்கிற பெரிய பல்சக்கரம் மூடிக்குள்ள இருக்கு. அதிண்ட பல்லை ஒருத்தரும் எண்ணினதில்லை" என்றார். லைனை நிறுத்தி மூடியைக் கழற்றச் சொன்னார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே உள்ளே குனிந்து, ஒவ்வொரு பல்லுக்கும் சோக்கால் புள்ளி வைத்து எண்ணினார். ஐம்பத்தொன்பது. ஒரு பல்லின் முனை மழுங்கியும் இருந்தது.

நான் துள்ளிக் குதிக்காத குறை. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "பொறுங்கோ. ஒரு பல் நகர ஒரு கை நகரும். மழுங்கின பல் எண்டா 59 கைக்கு ஒருக்காத் தொல்லை தர வேணும். தரேல்ல. அப்ப அந்தப் பல்லோட மோதுறதுக்குச் செயினிலயும் ஒரு பழுதான கண்ணி இருக்க வேணும். ரெண்டும் சந்திக்கிற நேரம்தான் மெஷின் நிக்கும்."

அது உண்மை. இதைக் கொஞ்சம் நின்று விளங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் ஐந்து நாளைக்கு ஒருமுறை சந்தைக்கு வருகிறார், இன்னொருவர் ஆறு நாளைக்கு ஒருமுறை. ஒருநாள் சந்தித்தால், மறுபடி சந்திக்க முப்பது நாள் ஆகும். 59க்கும் 509க்கும் ஒன்றைத் தவிரப் பொதுவான வகுஎண் கிடையாது. ஆகவே ஒரு குறிப்பிட்ட பல்லும் ஒரு குறிப்பிட்ட கண்ணியும் மறுபடி சந்திக்க 59ஐ 509ஆல் பெருக்கின அளவு கை கடக்க வேண்டும். மெஷினைச் செய்தவர்கள் 59 பல் வைத்ததும் வேண்டுமென்றுதான். ஒரே பல் ஒரே கண்ணியை அடிக்கடி கடித்தால் அந்த இரண்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

"ஆனால் செயினில 509 இல்லை மிஸ், 510. 510 எண்டா 30,090 வர வேணும். அரைவாசிக் கணக்கை வச்சுக்கொண்டு நான் மேல என்னத்தைச் சொல்லுறது?" என்றார்.

செயினை எண்ணச் சொன்னேன். எங்கள் லைனில் கைகளை எண்ணுகிற முறை உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பத்தாவது கையின் மணிக்கட்டிலும் சிவப்பு வளையம். வளையத்தை எண்ணிப் பத்தால் பெருக்க வேண்டியதுதான். என்ஜினியர் மெதுவாக ஓட்டச் சொல்லி எண்ணினார். ஐம்பத்தொரு வளையம். நானும் எண்ணினேன், ஐம்பத்தொன்று. 510.

சத்தம் கேட்டு நஸீர் நானா வந்தார். நான் எண்ணிக்கையில் சந்தேகப்படுகிறேன் என்று தெரிந்ததும் அவருக்கு வந்ததே கோபம்! "என்ன தங்கச்சி பேசுறீங்க? அந்த வளையம் பூசினது நான். என்ட கையால, ஒவ்வொண்ணா எண்ணிப் பூசின. ஐநூத்திப் பத்துத்தான் ஈக்கி. நான் களவு செஞ்சன்னு சொன்னாங்க, இப்ப எனக்கு எண்ணவும் தெரியாண்டு சொல்றீங்களா?"

அந்த இடத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்ஜினியர் முன்னாலேயே சொன்னேன். "நானா, உங்க கணக்கு சரின்னா நீங்கதான் கள்ளன். உங்க கணக்கு பிழையா இருந்தாத்தான் நீங்க தப்புவீங்க. ஒரே ஒருக்கா, எனக்காக, வளையத்தப் பாக்காம எண்ணுங்க."

நானா போய், ஒரு சிவப்பு வளையத்துக்கு அடுத்து இருந்த பீங்கான் உள்ளங்கையில் சோக்கால் புள்ளடி போட்டார். லைனை மெல்ல நகர்த்தச் சொன்னார். வருகிற ஒவ்வொரு கையையும் தொட்டுத் தொட்டு உரக்க எண்ணத் தொடங்கினார். பெண்கள் வீட்டுக்குப் போகாமல் சுற்றி நின்றார்கள். நூறு போனது, இருநூறு போனது. சிவப்பு வளையம் எல்லாம் பூச்சியத்தில் முடிகிற எண்ணில்தான் வந்தது. முந்நூறும் தாண்டியது.

"முந்நூத்தி நாப்பத்தேழு. முந்நூத்தி நாப்பத்தெட்டு. முந்நூத்தி நாப்பத்தொம்பது..." என்று எண்ணியவர் கையை நீட்டியபடியே நின்றுவிட்டார். அவர் விரலுக்குக் கீழே வந்த முந்நூற்று நாற்பத்தொன்பதாவது கையில் சிவப்பு வளையம் இருந்தது.

அந்த ஓர் இடத்தில் மட்டும் ஒரு வளையத்திலிருந்து அடுத்த வளையத்துக்குப் பத்துக்குப் பதிலாக ஒன்பது கை. என்ஜினியர் குனிந்து பார்த்தார். அங்கே ஒரு கண்ணி மற்றவைபோல நேராக இல்லாமல் வளைந்து இருந்தது. அவருக்கு உடனே விளங்கிவிட்டது. செயினில் கண்ணிகள் சோடி சோடியாகத்தான் இருக்கும். ஒன்றை மட்டும் குறைக்க வேண்டுமென்றால் ஒரு சோடியைக் கழற்றிவிட்டு, வளைந்த ஒற்றைக் கண்ணி ஒன்றைப் போட வேண்டும். பெருநாள் விடுமுறையில் வெளியிலிருந்து மெஷின் திருத்த வந்த பாஸ் ஒருவர் தொய்ந்த செயினை அப்படித்தான் இறுக்கியிருக்கிறார். வேலையில் பிழை இல்லை. ஒரு கை குறைந்ததை யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். மழுங்கிய பல்லில் நேரான கண்ணிகள் எல்லாம் வழுக்கிப் போய்விடும். அந்த வளைந்த கண்ணி மட்டும் ஏறிக் குத்தும். அது நடப்பது 30,031 கைக்கு ஒருமுறை.

நானா கடைசிவரைக்கும் எண்ணித்தான் விட்டார். பாதியில் விடுகிற ஆளில்லை. "ஐநூத்தி ஒம்பது" என்றார். அடுத்து வந்தது சோக்குப் புள்ளடி போட்ட கை. அதைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பி நின்றார்.

என்ஜினியர் அவர் முன்னால் வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நானா, நான் பிழை விட்டிட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. திங்கட்கிழமை விசாரணை இல்லை" என்றார். "அத விடுங்க சேர். நானும்தானே பிழையா எண்ணிட்டு நின்ட" என்றார் நானா. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு ஒண்டும் வேணாம். இந்தப் பிள்ளைகளுக்கு அந்தப் பத்து நிமிஷத்தத் தாங்க" என்றார்.

என்ஜினியர் மேலிடத்தில் பேசி வாங்கிக் கொடுத்தார். எத்தனை மணிக்கு வைப்பது என்று கேட்டபோது நானா கவுண்டரைக் காட்டினார். "மெஷினே சொல்லித் தந்திச்சே சேர்" என்றார். அப்படித்தான் இடைவேளை மணி 30,031ல் வைக்கப்பட்டது. நீங்கள் சொல்கிறபடி 30,000 என்று மாற்றினால் நேரத்தில் பத்து விநாடிகூட வித்தியாசம் வராது. ஆனால் அந்த முப்பத்தொன்று என்கிற வாலை வெட்டிவிட்டுப் பார்த்தவர்கள்தான் அவரைக் கள்ளன் என்றார்கள்.

அந்தச் செயினை மாற்றி, பல்லையும் சரிசெய்தார்கள். லைன் தானாக நிற்பது அதோடு போய்விட்டது. முதல்தடவை மணி அடித்த அன்று நான் போய்ப் பார்த்தேன். சூட்டைக் குறைத்து, சூளைக்குள் இருந்த கைகளை எல்லாம் வெளியே வர விட்டார் நஸீர் நானா. பிறகு கதிரையை விட்டு எழும்பி, சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, லைனை நிறுத்துகிற அந்தப் பொத்தானை அமர்த்தினார்.